டிரம்மர் தாத்தாவின் பதக்கம்

நவம்பர் பிறந்தால் பங்கு இல்லத்துத் திண்ணை நிறைந்துவிடும். இறந்தோர் நினைவுத் திருப்பலிக்காகப் பெயர்களை எழுதிக்கொண்டு மக்கள் வருவார்கள். பள்ளி நோட்டுத் தாளில் எழுதியவை, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதியவை, எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்ல நாமே எழுதிக்கொள்பவை என்று மேசைமேல் பெயர்கள் குவியும். தந்தை, தாய், உடன்பிறந்தோர், பாட்டன், பாட்டி என்ற அளவில் பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வர். அதற்கு மேல் நினைவும் எட்டாது, பெயரும் தெரியாது.

சென்ற நவம்பரில் ஒரு பெரியவர் அந்த எல்லையைத் தாண்டினார். மண்ணாடிப்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். வயது 75-ஐக் கடந்துவிட்டது. இளமையில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். தேர்பவனிகளுக்கும் அடக்கங்களுக்கும் நம் மறைமாவட்டத்தில் அவர் நடக்காத தெரு குறைவு. அன்று நல்ல மழை. சங்கராபரணியில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. பேரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து நனைந்தபடி வந்து சேர்ந்தார். தலையைத் துவட்டிக்கொள்ளக்கூட இல்லை. இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் ஒரு துணி முடிச்சு. முடிச்சுக்குள் ஒரு வெள்ளிப் பதக்கம்.

“எங்க பூட்டனுக்கும் ஒரு பூசை வைக்கணும் சாமி. பேரு தெரியல. டிரம்மர் தாத்தா, டிரம்மர் தாத்தான்னே சொல்லிப் பழகிட்டோம். இதோட ஓரத்துல பேரு இருக்குதுன்னு எங்க தாத்தா சொல்லியிருக்காரு. இங்கிலீசு எழுத்து. படிச்சுச் சொல்லணும்.”

நம் ஊர்ப் பக்கங்களில் வீட்டுப் பெட்டியில் ஒரு பதக்கம் இருந்தால் அது பிரெஞ்சுப் பதக்கமாகவே இருக்கும். சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய்வந்த சொல்தாக்களின் குடும்பங்களை வாசகர்கள் அறிவர். ஆண்டுதோறும் ஜூலை 14-ஆம் நாளிலும் நவம்பர் 11-ஆம் நாளிலும் புதுவைக் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தின் முன் அந்தப் பதக்கங்கள் முதியோரின் மார்பில் வெயில்பட்டு மின்னுவதையும் கண்டிருப்பர். ஆனால் இந்தப் பதக்கத்தில் இருந்ததோ விக்டோரியா அரசியின் தலை. சிவப்புப் பட்டையில் இரண்டு கருநீலக் கோடுகள் ஓடிய நாடா நைந்து நூலாய்த் தொங்கியது. அதன் கீழிருந்த சிறு வெள்ளிச் சட்டத்தில் பர்மா 1885-7 என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. பின்புறத்தில் சிறகுள்ள பெண்ணுருவம் ஒன்று, அமர்ந்திருக்கும் வீரனுக்கு முடிசூட்டுகிறது. அடியில் ஒரு தாமரை. பூதக்கண்ணாடி கொண்டு விளிம்பைச் சுற்றிப் பார்த்தோம். ஓடும் கையெழுத்தில் வெட்டிய எழுத்துகள். டிரம்மர் என்பது தெளிவாக இருந்தது. மதராஸ் காலாட்படை என்பதும் தெரிந்தது. எத்தனையாவது படை என்பது தேய்ந்துபோயிருந்தது. பெயரும் அப்படியே, கடைசியில் ‘முத்து’ என்று முடிவது மட்டும் புலப்பட்டது. சவரிமுத்துவோ, அந்தோணிமுத்துவோ, ஞானமுத்துவோ, ஆண்டவர் அறிவார். பல தலைமுறைப் பெண்கள் தவக்கால முடிவில் வீட்டுச் சாமான்களோடு சேர்த்துப் புளிபோட்டுத் துலக்கி, பளபளப்பைக் காத்துப் பெயரைத் தேய்த்துவிட்டார்கள்.

‘முத்து’ என்று எழுதிக்கொண்டோம். பெரியவர் எழுந்திருக்கவில்லை. பேரனை வெளியே போய் வண்டியைத் துடைக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இத எதுக்குக் குடுத்தாங்க சாமி? ஆளக் கொன்னதுக்கா?”

கேள்விக்குக் காரணமும் இருந்தது. பேத்திக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அட்வெந்துக்கு முன் ஞானஸ்நானம். பதக்கத்தை உருக்கிக் குழந்தைக்குக் கொலுசு செய்துவிடலாம் என்பது வீட்டுப் பெண்களின் யோசனை. பேரனோ செல்பேசியில் தேடிப் பார்த்து, உருக்கினால் கிடைப்பதைவிடப் பழம்பொருள் சேர்ப்போர் பல மடங்கு கொடுப்பார்கள் என்கிறான். “இரத்தத்துக்குக் கெடச்ச வெள்ளின்னா கொழந்த காலுல போடலாமா? வித்துத்தான் சாப்பிடலாமா?” என்றார் பெரியவர்.

நமக்கு உடனே நினைவுக்கு வந்தது மத்தேயு நற்செய்தியின் 27-ஆம் அதிகாரம். யூதாசு எறிந்துவிட்டுப் போன வெள்ளிக்காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று அன்று தலைமைக் குருக்கள் முடிவுசெய்தார்கள். குயவன் நிலத்தை வாங்கினார்கள். வெள்ளியைப் பற்றிய கேள்வி அன்றும் குருக்களிடமே வந்தது. அவர்கள் சட்டத்தை நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதைத் தவிர அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள அதிகமில்லை. “ஒரு வாரம் பொறுங்கள் ஐயா, படித்துப் பார்த்துச் சொல்கிறோம்” என்று அனுப்பிவைத்தோம். அந்த வாரம் முழுவதும் மறையுரைத் தயாரிப்பைவிட இந்தப் பதக்கமே நம்மைப் பிடித்துக்கொண்டது.

மண்ணாடிப்பட்டில் பிறந்தவன் ஆங்கிலேயப் படைக்கு எப்படிப் போனான் என்பது பெரிய புதிர் அன்று. இப்பகுதியின் பிரெஞ்சு எல்லை துண்டு துண்டாகக் கிடந்த எல்லை. பல இடங்களில் அது ஒரு வரப்புதான். இந்த வயல் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த வயல் தென்னார்க்காட்டு ஆங்கிலேயனுடையது. 1814-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் இங்கே படை வைத்துக்கொள்ளப் பிரெஞ்சுக்காரரை அனுமதிக்கவில்லை. படைவேலை வேண்டியவன் வரப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. அதோடு 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டி எடுத்தது. வில்லியனூரில் தூய லூர்து அன்னையின் சுரூபம் பிரான்சிலிருந்து வந்திறங்கிய 1877-ஆம் ஆண்டும் அந்தப் பஞ்சத்தின் நடு ஆண்டுதான். அன்னையின் முதல் தேருக்கு வடம் பிடித்தவர்களில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு பிடித்தார்களோ! அந்த ஆண்டுகளில் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு, மாதம் பிறந்தால் சம்பளம் என்பது எப்படிப்பட்ட சொல்லாக ஒலித்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் ஏன் டிரம்மர்? இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கிறது.

முரசுக்குத் தமிழர் கொடுத்த மரியாதை சிறிதன்று. அறியாமல் முரசுகட்டிலில் படுத்துறங்கிய மோசிகீரனாரை வெட்டாமல், சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்ற செய்தியைப் புறநானூறு படித்த எவரும் மறவார். முரசுக்கு நீராட்டு உண்டு, பலி உண்டு, கட்டில் உண்டு. முரசு அறைந்தவனுக்கு என்ன இருந்தது என்பது வேறு செய்தி. பிற்காலத்தில் தோலைத் தொடுவது தீட்டு, பிறர் வாய் வைத்த குழலை ஊதுவது தீட்டு என்றாயிற்று. ஆங்கிலேயர் படை அமைத்தபோது மேளமும் குழலும் பெரும்பாலும் யாருடைய கைக்குப் போயின என்றால், கிறிஸ்தவர்களின் கைக்கு. ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த கலப்பின மக்களின் கைக்கு. 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு விதி செய்தது. தாயும் தந்தையும் ஐரோப்பியராய் இல்லாதவர் படையில் அதிகாரியாகக் கூடாது. மேளம் அடிப்பவராகவும், குழல் ஊதுபவராகவும், பேண்டுக்காரராகவும், குதிரைக்கு இலாடம் கட்டுபவராகவும் இருக்கலாம். இசையை இலாடத்தோடு சேர்த்து வைத்த பட்டியல் அது.

படைக்கு வெளியே, ஆலயத்துக்கு உள்ளே நிலைமை மேலாக இருந்தது என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுச் செய்தியாக, புதுவை மாதா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் மற்றவரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அது இடிக்கப்பட்டபோது எழுந்த கலகத்தைப் பற்றியும் எழுதி வைத்துவிட்டாரே! நம் டிரம்மர் தாத்தாவின் முன்னோர் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று பெரியவரிடம் கேட்க நமக்கு நாவெழவில்லை.

அரசியின் காலத்தில் படைக்கு மேளம் வெறும் அலங்காரம் அன்று. விடியலில் எழுப்புவது மேளம். உணவுக்கு அழைப்பது மேளம். நடக்கும் அடிக்கு அளவு சொல்வது மேளம். இரவில் விளக்கணைக்கச் சொல்வதும் மேளமும் எக்காளமும்தான். செத்தவனைக் குழிக்குக் கொண்டுபோகையில் துணியால் போர்த்திய மேளம் அடங்கி ஒலிக்கும். சிறுவனாகச் சேர்ந்து, படை இலைன் வீடுகளிலேயே வளர்ந்து, அங்கேயே மணம் முடித்து, தன் மகனையும் மேளத்துக்கே விட்ட குடும்பங்கள் உண்டு. பேண்டு வாசிப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் எண்ண வேண்டா. 1854-இல் கிரிமியப் போருக்குப் போகும் வழியில் ஸ்கூட்டாரியில் ஆங்கிலப் படைகள் திரண்டு அரசியின் பிறந்தநாளைக் கொண்டாடியபோது, ஒவ்வொரு பேண்டும் ஒவ்வொரு சுருதியில் அரச வாழ்த்தை வாசித்ததில் காது கிழிந்ததாம். அந்த வெட்கம் தாங்காமல் 1857-இல் இலண்டனை அடுத்த நெல்லர் ஹாலில் படை இசைப் பள்ளி தொடங்கினார்கள் என்பது வரலாறு. நம் பங்குகளில் திருவிழா நாளன்று பாடற்குழு ஒரு பக்கமும் ஒலிபெருக்கி ஒரு பக்கமும் போவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

இனி அந்தப் பர்மா. 1885 நவம்பர் 14-இல் தொடங்கி இரண்டு வாரத்தில் முடிந்த போர் என்றே பாட நூல்கள் சொல்லும். தயெட்மியோவிலிருந்து நீராவிக் கப்பல்களில் ஐராவதி ஆற்றின் மேல் படை ஏறியது. ஜெனரல் பிரெண்டர்காஸ்ட் தலைமை. மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் பல அதில் இருந்தன. நவம்பர் 17-இல் மின்லாக் கோட்டை விழுந்தது. 28-இல் மண்டலே. மறுநாள் தீபா மன்னரும் அரசியும் கப்பலேற்றப்பட்டார்கள். அவரை முதலில் கொண்டுவந்து வைத்தது நம் சென்னையில். அங்கிருந்து இரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். 1916-இல் அங்கேயே இறந்தார். 1886 சனவரி முதல் நாள், மேல் பர்மாவை இணைத்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது.

போர் உண்மையில் அதற்குப் பிறகுதான் தொடங்கிற்று. மன்னரை இழந்த நாடு அடங்கவில்லை. காட்டிலும் ஊரிலும் சிறு சிறு கூட்டங்கள் எதிர்த்து நின்றன. ஆங்கிலேயர் அவர்களைக் கொள்ளையர் என்றனர். ஊர்கள் எரிக்கப்பட்டன, பிடிபட்டவர்கள் வரிசையாய் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பதக்கச் சட்டத்தில் உள்ள 1885-7 என்ற ஆண்டுக் கணக்கு அந்த இரண்டு வாரத்தையும் அதன்பின் வந்த அந்த நீண்ட அடக்குமுறையையும் சேர்த்தே குறிக்கிறது. குண்டுக்கு இறந்த படையினரைவிடக் காய்ச்சலுக்கும் பேதிக்கும் இறந்தவர்கள் அதிகம்.

இந்த இடத்தில் ஒரு பெயர் நம்மை நிறுத்திவிட்டது. ஹூப்பர் என்பவர் மதராஸ் படையின் அதிகாரி, புகைப்படக்காரர். தாது வருடப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் உட்கார வைக்கப்பட்ட நம் மக்களின் படங்களை வாசகர்கள் வரலாற்று நூல்களில் பார்த்திருக்கக்கூடும். அவற்றை எடுத்தவர் இவர். அதே ஹூப்பர் 1886-இல் மண்டலேயில் தண்டனை நிறைவேற்றும் அதிகாரியாக இருந்தார். சுடப்படவிருந்த கைதிகளின் எதிரே கேமராவை நிறுத்தி, குண்டு பாயும் கணத்தைப் பிடிக்க முயன்றார். செய்தி இலண்டன் ஏடுகளில் வந்து, பாராளுமன்றத்திலும் கேள்வி எழுந்து, விசாரணை நடந்தது. கண்டனத்தோடு போயிற்று. ஒரே கண்ணாடி, முதலில் பசித்தவனைப் பார்த்தது, பிறகு சாகப்போகிறவனைப் பார்த்தது. நம் டிரம்மர் தாத்தா அந்தப் பஞ்சத்திலிருந்து தப்பி, இந்தப் போருக்கு வந்து சேர்ந்தவராக இருக்கலாம். இரண்டு படங்களுக்கும் இடையே ஒரு மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர்.

அப்படியானால் பெரியவருக்கு என்ன சொல்வது? கொல்லவில்லை, மேளம்தான் அடித்தார் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அது பொய்யன்று. ஆனால் அந்த மேளத்துக்குத்தானே கால்கள் நடந்தன? எண்ணிக்கை நூலின் 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மோசேயிடம் வெள்ளியால் இரண்டு எக்காளங்கள் செய்யச் சொல்கிறார். சபையைக் கூட்டவும் பாளையத்தைப் புறப்படச் செய்யவும் போருக்கு எழுப்பவும் அவை. விழா நாளில் ஊதவும் அவையே. ஊதுகிறவர்கள் ஆரோனின் புதல்வராகிய குருக்கள். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது எக்காளத்தின் ஒலிக் குறிப்புகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே ஒழிய, போருக்கும் விழாவுக்கும் ஒரே கருவிதானா என்று கேட்கத் தோன்றவில்லை. ஊதுகிறவன் கை வாளைத் தொடவில்லை என்பதால் அவனைப் போருக்கு வெளியே நிறுத்திவிட முடியுமா? திருமுழுக்கு யோவானிடம் படைவீரர் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, படையை விட்டு ஓடிவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதும் உண்மை. மிரட்டிப் பறிக்க வேண்டாம், கிடைக்கும் கூலி போதும் என்றிருங்கள் என்றார். எரிகிற ஊரில் எதையும் பறிக்காமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் அறிந்தே சொல்லியிருப்பார். நம் ‘முத்து’ எதையேனும் பறித்தாரா? பதக்கம் பேசாது.

பதக்கம் பேசிய செய்தி ஒன்று உண்டு. சென்னையில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அதைக் கவனிக்கச் சொன்னார். இந்தப் பதக்கம் 1854-இல் ஏற்படுத்தப்பட்டது. பல போர்களுக்கு ஒரே பதக்கம். போருக்கொரு சட்டம் மட்டும் மாறும். இந்தப் பர்மாப் போரிலிருந்து அதை இரண்டு உலோகத்தில் வார்க்கத் தொடங்கினார்கள். படையினருக்கு வெள்ளி. படையோடு போன பிறருக்கு, அதாவது தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், துணி வெளுத்தவர், காயம்பட்டவரை டூலியில் தூக்கியவர் ஆகியோருக்கு, வெண்கலம். உருவம் ஒன்று, அரசி ஒருவர், தாமரை ஒன்று. ஆறும் ஒன்று, காய்ச்சலும் ஒன்று. உலோகம் மட்டும் வேறு.

தாத்தாவுக்குக் கிடைத்தது வெள்ளி. துப்பாக்கி ஏந்தியவனுக்குக் கொடுத்த அதே வெள்ளி. ஊரில் எந்தக் கருவியைத் தொட்டதற்காக விலக்கி நிறுத்தினார்களோ, அந்தக் கருவிக்காகவே ஓர் அரசு அவர் பெயரை வெள்ளியில் வெட்டிக் கொடுத்தது. மண்ணாடிப்பட்டுத் தெருவில் அதை மார்பில் குத்திக்கொண்டு அவர் நடந்த முதல் நாளை நாம் பலமுறை கற்பனை செய்து பார்த்தோம். அந்த வெள்ளிக்காக அவர்மேல் நமக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் அவர் வாசித்த மேளத்தின் தாளத்துக்கு நடந்தவனின் வாயில் தண்ணீர் ஊற்றியவனுக்கு வெண்கலம். 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தில் தாவீது அமலேக்கியரைத் துரத்திப் போகிறார். 600 பேரில் 200 பேர் களைத்துப்போய்ப் பெசோர் ஓடையைக் கடக்க முடியாமல் மூட்டை முடிச்சுகளோடு தங்கிவிடுகிறார்கள். வென்று திரும்பியபோது, வராதவர்களுக்குப் பங்கில்லை என்று சிலர் கூச்சலிட, தாவீது மறுத்துவிடுகிறார். போருக்குப் போனவனுக்கும் மூட்டையைக் காத்தவனுக்கும் பங்கு ஒன்றே என்று கட்டளையாக்குகிறார். கிறிஸ்தவ அரசி என்று பெயர் எடுத்த விக்டோரியாவின் அலுவலர்கள் ஞாயிறுதோறும் விவிலியம் வாசித்தவர்கள்தாம். இந்த அதிகாரம் மட்டும் கண்ணில் படவில்லை போலும்.

வெள்ளியும் நெடுநாள் காப்பாற்றவில்லை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், அதன்பின் இந்தியா முழுவதற்கும் தளபதியானார். தென்னாட்டான் போருக்கு ஏற்றவன் அல்லன் என்பது அவருடைய உறுதியான எண்ணம். பிற்பாடு தம் நினைவு நூலிலும் எழுதி வைத்தார். பர்மாவில் நின்ற மதராஸ் படைகள் சிலவற்றில் 1890-களின் தொடக்கத்தில் தமிழரும் தெலுங்கரும் நீக்கப்பட்டு வடநாட்டார் அமர்த்தப்பட்டனர். படையின் பெயரில் பர்மா வந்து சேர்ந்தது; அங்கே காய்ச்சலில் கிடந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். டிரம்மர் தாத்தாவும் அப்படித்தான் திரும்பினார் என்பது பெரியவரின் குடும்பத்தில் வழங்கும் பேச்சு. “இனி நீங்க வேணாம்னு சொல்லிட்டாங்களாம்.” ஓய்வுக்காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் நால்வருக்கு மேளமும் குழலும் சொல்லிக் கொடுத்தாராம். அந்த நால்வரில் வளர்ந்து கிளைத்ததே பெரியவரின் பேண்டு செட். பர்மாவுக்குப் போன தாளம் நம் தேர்பவனிக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இதை எழுதும்போது நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய 28 ஆண்டுகளுக்கு முன்பு, குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். பெருவிழா நாள். பேண்டுக்காரர்கள் நண்பகலிலிருந்து வெளி வாயிலருகே நின்றார்கள். இரவு தேர் நிலைக்கு வந்தபிறகு, எல்லாரும் பந்தலில் அமர, அவர்களுக்கு மட்டும் சமையற்கட்டின் பின்புறத்தில் இலை போட்டார்கள். அவர்களின் தலைவர் நம்மிடம் வந்து, உள்ளே போய்ச் சுரூபத்தின் முன் ஒரு பாட்டு வாசிக்கலாமா என்று கேட்டார். விழாக் குழுவினரின் முகங்களைப் பார்த்தோம். “பிறகு பார்ப்போம்” என்றோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். பிறகு பார்க்கவே இல்லை. மூன்று மணி நேரம் அவர்களுடைய தாளத்துக்குத்தான் நாமும் நற்கருணை ஆடையில் நடந்திருந்தோம்.

ஒரு வாரம் கழித்துப் பெரியவர் வந்தார். இம்முறை பேரனையும் உட்கார வைத்துக்கொண்டார். அறிந்ததையெல்லாம் சொன்னோம். மின்லாவைச் சொன்னோம், எரிந்த ஊர்களையும் சொன்னோம். பேரனுக்குச் சற்று ஏமாற்றம். “தாத்தா பர்மா ராஜாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாருன்னு சொல்லுவாங்களே ஃபாதர்?” என்றான். ராஜாவை மாட்டு வண்டியில் ஏற்றித்தான் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள் என்றோம். வழியில் மேளம் ஒலித்திருக்கலாம் என்று அவனுக்காகச் சேர்த்துச் சொன்னோம்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. கிளாரினெட் வாசித்தவர்களுக்கே உரிய பழக்கம் போலும், கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அப்போ கொல்லல. ஆனா கூடப் போனாரு.”

“ஆம் ஐயா.”

“நாங்களும் அடக்கத்துக்கு வாசிக்கிறோம் சாமி. செத்தவரு நல்லவரா கெட்டவரான்னு கேட்டுட்டா வாசிக்கிறோம்?” என்றவர், தாமே தலையை ஆட்டிக்கொண்டார். “இல்ல, அது வேற. இது வேற.”

அவர் சொன்னதில் எந்தப் பாதி சரி என்று நாம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். கொலுசைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை. வெள்ளியையும் வெண்கலத்தையும் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் சுமந்தவனுக்கு வெண்கலமா என்று இரண்டு முறை கேட்டார். பந்தலுக்குப் பின்னால் போட்ட இலைகளில் எத்தனையில் அவரே உட்கார்ந்திருப்பாரோ! 28 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரவை அவரிடம் அப்போதுதான் சொன்னோம். ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னோம். “அங்க நானும் வாசிச்சிருக்கேன் சாமி, ஆனா அது வேற வருசம்” என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

புறப்படும்போது பூசைக் காணிக்கையை மேசைமேல் வைத்தார். ஒன்றுக்கு வேண்டியதுபோல் இரண்டு மடங்கு இருந்தது. கூடுதலாக இருக்கிறதே என்றோம்.

“ஒண்ணு தாத்தாவுக்கு. இன்னொண்ணு அந்த வெண்கலம் வாங்கினவங்களுக்கு. பேரு தெரியாட்டி என்ன, தண்ணிக்காரங்கன்னு எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டோம். அட்வெந்துக்கு முந்திய ஞாயிறு பேத்தியின் குழந்தை ஞானஸ்நானம் பெற்றது. கால்கள் வெறுமையாக இருந்தன, தண்ணீர் தலையில் பட்டதும் இரண்டையும் உதைத்துக்கொண்டு அழுதது. பதக்கம் பெட்டிக்குத் திரும்பிவிட்டதாகப் பேரன் சொன்னான். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. பேண்டு செட்டார் ஐவர் படிக்கட்டின் கீழ் நின்றிருந்தார்கள். பேரனின் தோளில் மேளம். உள்ளே வந்து பீடத்தின் முன் வாசியுங்கள் என்றோம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் காலோடு ஒருவர்பின் ஒருவராக ஏறி வந்தார்கள்.